நாலு ‘உரிய’வும் ஆளுக்கு ரெண்டு வடையும்

எங்கள் தெருமுனை விளக்கு எரியவில்லை என்று இதுவரை ஒன்பது தீர்மானம் எழுதியிருக்கிறேன். ஒன்பதும் ஏகமனதாக நிறைவேறியவை. விளக்கு இன்றுவரை எரியவில்லை. இதைக் குறையாகச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். பெருமையாகச் சொல்கிறேன்.

ஏனென்றால், ‘ஏன்யா எரியல?’ என்று என் சட்டையைப் பிடிக்க இன்றுவரை ஒரு மனுசனால் முடியவில்லை. ‘தெருவிளக்கு தொடர்பாக ஆவன செய்யப்பட வேண்டும்’ என்றுதான் எழுதியிருப்பேன். யார் செய்ய வேண்டும்? எழுதவில்லை. எப்போது? எழுதவில்லை. ஆவன என்றால் என்ன? அது கடவுளுக்குத்தான் வெளிச்சம். தெருவுக்குத்தான் வெளிச்சம் இல்லை.

கோவில்பட்டி பஞ்சுக்கிட்டங்கித் தெரு குடியிருப்போர் நலச்சங்கத்தின் செயலாளர், அடியேன் சௌந்தரபாண்டியன். பதினோரு வருசச் செயலாளர். பிழைப்புக்குத் தீப்பெட்டி ஆபீசுகளுக்குக் குச்சியும் மெழுகும் சப்ளை பண்ணுகிறேன். ஆனால் பிறவி எடுத்தது தீர்மானம் எழுத. தெளிவாகத் தீர்மானம் எழுத எந்த மடையனாலும் முடியும். ‘இசக்கிபாண்டி செவ்வாய்க்கிழமைக்குள் பல்பு மாட்ட வேண்டும்’ என்று எழுதிப் பாருங்கள். புதன்கிழமை காலையில் எல்லாரும் இசக்கிபாண்டி வீட்டு வாசலில் நிற்பார்கள். அப்புறம் இசக்கிபாண்டி சங்கத்துப் பக்கம் தலைவைத்துப் படுப்பானா? நல்ல தீர்மானம் யாரையும் நாற்காலியை விட்டு எழுப்பக் கூடாது. உட்கார்ந்த இடத்திலேயே எல்லாருக்கும் வேலை முடிந்த திருப்தி வரவேண்டும். அந்தத் திருப்தியைத்தான் நான் பதினோரு வருசமாக வழங்கி வருகிறேன்.

கூட்டம் மாசாமாசம் முதல் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், எங்கள் வீட்டு மொட்டைமாடித் தகரக் கொட்டகையில். தவறாமல் கூட்டம் நிரம்பும். என் தீர்மானங்களைக் கேட்கத்தான் ஜனங்கள் இப்படி அலைமோதுகிறார்கள் என்று ரொம்ப காலம் நம்பிக்கொண்டிருந்தேன். ஒரு மாசம் கிரைண்டர் ரிப்பேர் ஆனது. வடைக்குப் பதில் மிக்சர் வைத்தோம். வந்தது நானும் தலைவர் மாயகிருஷ்ணனும் மட்டும்தான். அவரும் மிக்சரைப் பார்த்துவிட்டு, “ஏமய்யா செக்ரெட்டரி, கோரம் இல்லியே” என்று செருப்பை மாட்டினார். பாதிப் பேராவது வந்தால்தான் கோரம். கோரம் இல்லையென்றால் கூட்டம் இல்லை. அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. இந்தச் சங்கம் நிற்பது என் பேனா முனையில் அல்ல. என் மனைவி வெயிலுகந்தம்மாளின் உளுந்தவடையில்.

இந்த உண்மையை அவளிடம் மட்டும் நான் சொல்லவே இல்லை.

இப்படி இருக்கும்போது தலைவர் மாயகிருஷ்ணன் பதவி விலகுவதாக அறிவித்தார். புதூர்ப் பக்கம் அவருக்கு மானாவாரிக் காடும் கொஞ்சம் ஆடும் இருக்கிறது. “ஆடு சொன்னா கேக்குது. இங்கன யாரு கேக்காங்க? வர்ற ஆண்டுக்கூட்டத்தோட நான் கெளம்புதேன்” என்றுவிட்டார்.

தலைவர் நாற்காலி காலி! பதினோரு வருசம் அந்த நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கழுத்து ஒரு பக்கமாகச் சுளுக்கிப் போனவன் நான். ‘சௌந்தரபாண்டியன், தலைவர்’ என்று போர்டு எழுதக் கொடுத்து, வாங்கி, பீரோவுக்குப் பின்னால் ஒளித்தும் வைத்துவிட்டேன். ஒரே ஒரு முள். மொபைல் கடை இசக்கிராஜாவும் போட்டிக்கு நின்றான். “கூட்டமே எதுக்கு அண்ணாச்சி? எல்லாத்தையும் வாட்ஸ்அப்ல முடிச்சிரலாம்” என்கிற கட்சி அவன். விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். பாதி ஓட்டு அவனுக்கு, பாதி எனக்கு. ஒரு ஓட்டு கூடக் கிடைத்தால் ஜெயம்.

வீட்டுக்கு ஒரு ஓட்டு என்பதுதான் சங்க விதி. நான் சும்மா இருப்பேனா? ஆண்டுக்கூட்டத்துக்கு முந்தின மாசமே ஒரு விதித்திருத்தம் கொண்டுவந்தேன். ‘கூட்டம் நடைபெறும் வீட்டின் இல்லத்தரசியும், அவர்தம் தன்னலமற்ற தொண்டைப் பாராட்டி, முழு உரிமையுள்ள உறுப்பினராகக் கருதப்படுவார்.’ வாசிக்கும்போது குரலைத் தழுதழுக்க விட்டேன். பெண்கள் பக்கம் கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது. வெயிலுவின் ஓட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மாடியிலிருந்து இறங்கினேன். சட்டைப்பையிலேயே ஓட்டை இருப்பது அப்போது தெரியவில்லை.

அடுப்படியில் வெயிலு எண்ணெய்ச்சட்டியை இறக்கிக்கொண்டிருந்தாள்.

“ஏட்டி, ஒன்ன மெம்பராக்கியாச்சு!”

“எதுக்கு?”

“கௌரவம்ட்டி.”

“கௌரவப்பட்ட பொறவும் மாவாட்டணுமா?”

“அது... வழக்கம்போலத்தான்.”

“அப்பம் அந்தக் கௌரவத்த நீங்களே வச்சுக்கோங்க. அடுத்த கூட்டத்துக்கு வடை கெடையாது. நான் எட்டயபுரம் போறேன், அக்கா வீட்டுக்கு.”

அடுத்த கூட்டம்தான் ஆண்டுக்கூட்டம். அதில்தான் எலெக்சன்.

“ஒனக்கென்ன கோட்டி பிடிச்சிருக்கா? ஊரே நம்மள நம்பி வருது!”

“நம்மள நம்பியா, வடைய நம்பியா?”

தெரிந்தே வைத்திருக்கிறாள்!

“பதினோரு வருசமா எனக்கு ஞாயித்துக்கிழமையே இல்லங்க” என்றாள். “மத்த ஞாயித்துக்கிழமை ஒங்க குச்சி ஏவாரத்துக்கு வர்றவங்களுக்குச் சோறு வடிக்கேன், மொத ஞாயித்துக்கிழமை சங்கத்துக்கு மாவாட்டுதேன். தெருவுல எல்லாப் பொம்பளையும் ஞாயித்துக்கிழமை தலைக்குக் குளிச்சு, செத்த நேரம் சாஞ்சு படுக்காளுவ. நான் சட்டிப் புகைக்குள்ள நிக்கேன். மேல நீங்க ‘ஆவன செய்யப்படும்’னு சொல்லுதீங்க, எல்லாரும் கையத் தட்டுதாங்க. சுட்டவளுக்கு ஒரு கைதட்டு உண்டா? எங்க அக்கா சீனித்தாய் முட்டிவலின்னு படுத்துக் கெடக்கா. ஒரு ஞாயித்துக்கிழமை போய்ப் பாக்க முடியல. எனக்கு மனசு ஆத்தாத்துப் போகுதுங்க.”

முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். எனக்கும் நெஞ்சு பிசைந்தது. ஒரு நிமிஷம்தான். அதற்குள் கோரம் ஞாபகம் வந்துவிட்டது.

“இதுக்குப் போய் அழலாமாட்டி? ஆண்டுக்கூட்டத்துல ஒனக்காக நானே ஒரு தீர்மானம் கொண்டுவாரேன்.”

“விளக்குத் தீர்மானம் மாதிரியா?”

“ச்சே ச்சே! இது பக்காத் தீர்மானம். நீ இந்த ஒரு தடவ மட்டும் வடை போட்ரு. போட்டுட்டு, எலெக்சன்ல எனக்கு ஓட்டையும் போட்ரு.”

அவள் யோசித்தாள். யோசிக்கும்போது கண்ணீர் எங்கே போனதோ தெரியவில்லை.

“சரி. தீர்மானம் மொதல்ல. எலெக்சன் பொறவு.”

“அப்படியே ஆகட்டும்.”

“நான் மெம்பர்தான? திருத்தம் கிருத்தம் சொல்லலாமா?”

“தாராளமா. திருத்தம்னா என்ன தெரியுமா? தீர்மானத்துல ஒரு வார்த்தைய எடுத்துட்டு வேற வார்த்தை போடுதது.”

“எந்த வார்த்தைய வேணும்னாலுமா?”

“சபை ஒத்துக்கிட்டா எந்த வார்த்தைய வேணும்னாலும்.”

“நீங்க ஒத்துக்கலைன்னா?”

“நான் கொண்டுவந்த தீர்மானத்த நானே எதிர்த்துப் பேச முடியாதுட்டி. பைலாவுல பதினாலாம் விதி. அத எழுதுனதே நான்தான். முன்ன ஒருத்தரு, குப்பைத்தொட்டி வேணும்னு தீர்மானம் கொண்டுவந்தாரு. தொட்டி அவரு வாசலுக்கு வருதுன்னதும் அவரே எழுந்து எதிர்த்துப் பேசுனாரு. விடுவனா? அன்னைக்கே விதியப் போட்டு வாயை அடைச்சுட்டேன்.”

“நல்ல விதி” என்றாள் வெயிலு.

முப்பது வருசத் தாம்பத்தியத்தில் நான் பேசுவதை அவள் இவ்வளவு அக்கறையாகக் கேட்டது அன்றைக்குத்தான். எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். பூரிப்புதான் வந்தது.

அன்றே உட்கார்ந்து எழுதினேன். என் வாழ்நாளின் மிகச் சிறந்த தீர்மானம் அது. நீங்களே பாருங்கள்:

‘சங்கக் கூட்டங்களில் சிற்றுண்டி தொடர்பாக, உரிய நேரத்தில், உரிய முறையில், உரியவர்களால், உரிய நடவடிக்கை எடுக்கப்பட வேண்டும்.’

எங்காவது பிடி கிடைக்கிறதா? கிடைக்காது. எண்ணெய் தடவி வைத்திருக்கிறேன். இது நிறைவேறினாலும் வெயிலுதான் வடை சுட வேண்டும், தோற்றாலும் வெயிலுதான் சுட வேண்டும்.

அவளிடம் ஏற்ற இறக்கத்தோடு வாசித்துக் காட்டினேன்.

“நாலு ‘உரிய’ வருது” என்றாள்.

“அழகா இருக்குல்லா?”

“இதுல எனக்கு ஞாயித்துக்கிழமை எந்த இடத்துல கெடைக்கி?”

“மூணாவது உரியவுல” என்றேன், வாய்க்கு வந்தபடி.

“ஓகோ” என்றாள்.

ஆண்டுக்கூட்டம் வந்தது. தகரக் கொட்டகையில் ஒரு நாற்காலி பாக்கி இல்லை. வெயில் தாழ்ந்தும் தகரம் அனல் கக்கியது. யாரும் அசையவில்லை. கீழே இருந்து உளுந்தவடை வாசம் படியேறி வந்துகொண்டிருந்தது. வடை மட்டும் வரவில்லை.

“செக்ரெட்டரி, தட்டு எங்க?” என்றார் மாயகிருஷ்ணன் காதோடு.

வெயிலு முன்வரிசையில் பக்கத்து வீட்டு ராதாமணியோடு உட்கார்ந்திருந்தாள். ராதாமணியின் புருஷன் வெளியூரில் வேலை. அந்த வீட்டுக்கு அவள்தான் உறுப்பினர், எங்கள் சங்கத்துக்குத் துணைத்தலைவரும் அவள்தான்.

“தீர்மானம் முடியட்டும் தலைவரய்யா, தட்டு தானா வரும்” என்றாள் வெயிலு.

“அப்பம் சீக்கிரம் வாசியும்” என்று தலைவர் என்னை அவசரப்படுத்தினார்.

எழுந்தேன். வாசித்தேன். ஒவ்வொரு ‘உரிய’வுக்கும் குரலை ஒரு தடவை இறக்கி ஒரு தடவை ஏற்றினேன். கைதட்டல். கையெடுத்துக் கும்பிட்டு உட்காரப் போனேன்.

“ஒரு திருத்தம்” என்று எழுந்தாள் வெயிலு.

சபை திரும்பிப் பார்த்தது. நான் பெருமையோடு தலையாட்டினேன், என் பயிற்சி அல்லவா.

“‘உரிய நேரத்தில்’னு இருக்கு. அது எந்த நேரம்? இந்தக் கூட்டத்துக்கு வராதவங்க நாளைக்கு இத வாசிச்சா வெளங்கணும்லா? அத எடுத்துட்டு, ‘மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை மாலை, கூட்டம் தொடங்குவதற்கு முன்’னு போடுங்க.”

“வழிமொழியுதேன்” என்றாள் ராதாமணி.

இதுவரைக்கும் கூட்டம் தொடங்கிய பிறகுதான் வடை. இனிமேல் முன்னாலேயே! இருந்த கையெல்லாம் மேலே போனது. என் கையும்தான். தனக்குத் தானே நேரம் குறித்துக்கொள்கிறாளே, பாவம் என்று பரிதாபப்பட்டேன்.

“ரெண்டாவது திருத்தம். ‘உரிய முறையில்’ங்கிறதுக்குப் பதிலா, ‘கடையில் வாங்காமல், வீட்டிலேயே மாவரைத்து, சூடாக’.”

“சபாஷ் மதினி! நான் வழிமொழியுதேன்” என்று குதித்தான் இசக்கிராஜா.

மறுபடியும் எல்லாக் கையும். மாயகிருஷ்ணன் பக்கம் குனிந்து, “பாத்தீயளா தலைவரே, தனக்குத் தானே வலை பின்னுதா” என்றேன். அவர் படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். வாசம் கூடியிருந்தது.

“மூணாவத இப்பம் விட்டுட்டு நாலாவதுக்குப் போறேன்” என்றாள் வெயிலு. “‘உரிய நடவடிக்கை எடுக்கப்பட வேண்டும்’னா யாரு வீட்டுல என்ன கெடைக்கும்? ‘ஆளுக்கு இரண்டு உளுந்தவடையும் ஒரு டீயும் வழங்க வேண்டும்’னு போடுங்க.”

இந்த இடத்தில் எனக்கு ஆசை விட்டதா? விடவில்லை. எழுந்து, “தேங்காய்ச் சட்னியையும் சேத்துக்கலாம்” என்றேன்.

“சேத்துக்கோங்க” என்றாள் உடனே. இவ்வளவு நல்லவளா என்று ஆச்சரியப்பட்டேன்.

அதுவும் நிறைவேறியது. எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு தாங்கவில்லை. நேரம் குறித்தாயிற்று, பக்குவம் சொல்லியாயிற்று, எண்ணிக்கையும் போட்டாயிற்று. சட்னி உட்பட எல்லாம் அவள் தலையில். என் தீர்மானத்தில் பிடிக்க இடமில்லை என்று நினைத்தேன். பிடித்து, இறுக்கி, தன் கழுத்திலேயே மாட்டிக்கொண்டாள்!

“கடைசித் திருத்தம்” என்றாள் வெயிலு. “‘உரியவர்களால்’ங்கிற வார்த்தைய எடுத்துட்டு, ‘சங்கத் தலைவர் தம் கையாலேயே’ன்னு போடுங்க.”



முதலில் விளங்கியது மாயகிருஷ்ணனுக்கு. அடுத்த நிகழ்ச்சியே அவருடைய பதவி விலகல்தான். முகம் அப்படியே மலர்ந்தது.

“அருமையான திருத்தம்மா! அருமை!”

“வழிமொழியுதேன்” என்றாள் ராதாமணி.

நான் துள்ளி எழுந்தேன். “தலைவர் அவர்களே, இது வந்து...”

“செக்ரெட்டரி” என்றார் மாயகிருஷ்ணன், ரொம்ப நிதானமாக. “தீர்மானம் நீங்க கொண்டுவந்தது. எதிர்த்துப் பேசுதீங்களா?”

“எதிர்க்கல. விளக்கம் சொல்லுதேன்.”

“விளக்கத்துக்கு என்ன இருக்கு?” என்றாள் வெயிலு. “இப்பம்தான் எல்லாம் தெளிவா இருக்கே.”

“தலைவர்ங்கிறது கௌரவமான பதவி! ஒரு தலைவர் போய் எண்ணெய்ச்சட்டி முன்னால...”

“பதினாலாம் விதி” என்றாள் அவள், குரலை உயர்த்தாமலே.

“ஏன் அண்ணாச்சி, வடை சுட்டா கௌரவம் போயிருமா?” என்று இசக்கிராஜா பின்னாலிருந்து கேட்டான். “மதினி பதினோரு வருசமா சுட்டாகளே. அப்பம் அவியளுக்குக் கௌரவம் இல்லன்னு சொல்லுதீங்களா?”

இதற்கு ‘ஆமாம்’ என்றாலும் அடி, ‘இல்லை’ என்றாலும் அடி. அதற்குள் யாரோ, “பசிக்குதுய்யா, ஓட்டுக்கு விடுங்க!” என்று கத்தினார்கள். ஓட்டுக்கு விட்டார்கள். என் கையைத் தவிர எல்லாக் கையும் மேலே போனது.

திருத்தப்பட்ட தீர்மானத்தை நானே எழுந்து வாசிக்க வேண்டியதாயிற்று. செயலாளர் கடமை. ‘சங்கக் கூட்டங்களில் சிற்றுண்டி தொடர்பாக, மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை மாலை, கூட்டம் தொடங்குவதற்கு முன், கடையில் வாங்காமல், வீட்டிலேயே மாவரைத்து, சூடாக, சங்கத் தலைவர் தம் கையாலேயே, ஆளுக்கு இரண்டு உளுந்தவடையும் தேங்காய்ச் சட்னியும் ஒரு டீயும் வழங்க வேண்டும்.’ பதினோரு வருசத்தில் எங்கள் சங்கம் நிறைவேற்றிய தெளிவான தீர்மானம் அது ஒன்றுதான்.

வெயிலு இறங்கிப்போய்த் தட்டை மேலே கொண்டுவந்தாள். தின்றுகொண்டே எலெக்சனுக்குப் போனார்கள்.

“நான் வாபஸ்!” வாயில் வடையோடு முதலில் எழுந்தவன் இசக்கிராஜா. “ஞாயித்துக்கிழமை கடையில ஏவாரம் ஜாஸ்தி அண்ணாச்சி. ஒங்க அனுபவம் எங்க, நான் எங்க!”

நேற்றுவரை என் அனுபவத்தைத் தூக்கிக் குப்பையில் போடச் சொன்ன பயல்.

“வேற யாரும் நிக்கீங்களா?” என்றார் மாயகிருஷ்ணன். ஜனங்கள் தகரத்தைப் பார்த்தார்கள். தரையைப் பார்த்தார்கள். சட்னியைப் பார்த்தார்கள்.

“எங்க வீட்டு இவியள நான் முன்மொழியுதேன்” என்றாள் வெயிலு.

அவள் ஓட்டு எனக்குத்தான் விழுந்தது. கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டாள், அதையும் சொல்லத்தான் வேண்டும். எல்லார் ஓட்டும் எனக்குத்தான் விழுந்தது. வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. அதற்குள் மாயகிருஷ்ணன் எழுந்து அந்த நாற்காலியைக் காட்டினார். கைப்பிடியுள்ள நாற்காலி. ராதாமணி ஒரு துண்டைப் போர்த்தினாள். கைதட்டல் காதை அடைத்தது. கால் தானாக நடந்துபோய், நான் உட்கார்ந்திருந்தேன். கழுத்துச் சுளுக்குகூட விட்ட மாதிரி இருந்தது.

வீட்டுக்குள் வந்ததும்தான் சுயபுத்தி திரும்பியது.

“ஏட்டி, புருசன இப்படிச் சந்தியில நிறுத்தலாமா?”

“நாற்காலியிலதான உக்கார வச்சேன்?”

“அடுத்த கூட்டத்துல இத ரத்து பண்ணுதனா இல்லையான்னு பாரு!”

“பண்ணுங்க. கூட்டத்துக்குக் கோரம் வேணும்லா?”

“வருவாங்க.”

“வடை இல்லாமயா?”

ரத்து பண்ணக் கூட்டம் வேண்டும். கூட்டத்துக்குக் கோரம் வேண்டும். கோரத்துக்கு வடை வேண்டும். வடை சுடுவதை நிறுத்த வேண்டுமென்றால் முதலில் வடை சுட வேண்டும்! எப்பேர்ப்பட்ட மூளை இவளுக்கு! இந்த மூளையை முப்பது வருசமாக அடுப்படியில் வைத்துப் பூட்டியிருந்தது யார் என்று கேட்காதீர்கள்.

ஆனால் எனக்கும் மூளை உண்டு. கேவலமாகச் சுட்டால் போதும் என்று முடிவெடுத்தேன். ஒரு கடி கடித்ததும் பல் ஆட வேண்டும். அவர்களே பதறிப்போய் ‘ரத்து, ரத்து’ என்று கத்துவார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வெயிலு தலைக்குக் குளித்தாள். பட்டும் இல்லாமல் பழசும் இல்லாமல் ஒரு சேலை கட்டினாள். பூ வைத்துக்கொண்டாள். அக்காவுக்கு ஒரு பொட்டலம் கடலைமிட்டாய் எடுத்துக்கொண்டாள்.

“எட்டயபுரம் போயிட்டு சாயங்காலம் வந்திருதேன். உளுந்து ஊறிக் கெடக்கு. வரட்டுமா தலைவரய்யா?”

போய்விட்டாள். அவள் அவ்வளவு சந்தோஷமாகப் படியிறங்கி நான் பார்த்ததில்லை. அது வேறு எரிச்சலாக இருந்தது.

கிரைண்டரில் உளுந்தைக் கொட்டி ஓட விட்டேன். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ரத்துத் தீர்மானத்தை எழுத ஆரம்பித்தேன். இந்தத் தடவை உரிய கிரிய எல்லாம் கிடையாது. யார், எப்போது, எதை, எல்லாம் பளிச்சென்று இருக்க வேண்டும். கஷ்டம் அப்போதுதான் தெரிந்தது. தெளிவாக எழுதுவது இவ்வளவு பெரிய வேலையா! ஒரு வரி எழுதினால் அதில் சந்து தெரிகிறது. அடைத்தால் இன்னொரு சந்து. எழுந்துபோய் மாவுக்குத் தண்ணீர் விடச் சோம்பல். எப்போதாவது ஒரு கை தெளித்துவிட்டு மறுபடி எழுதினேன். எழுதினேன், அடித்தேன், எழுதினேன். கடைசியில் தீர்மானம் முடிந்து நிமிர்ந்து பார்த்தால், மாவு கிரைண்டரை விட்டுப் பொங்கி நின்றது.

பிறகு கேட்டால் ராதாமணி சொல்கிறாள், தண்ணீர் விடாமல் ரொம்ப நேரம் அரைப்பதுதான் உளுந்தவடைக்கு ரகசியமாம். யார் கண்டது? சட்டியில் போட்டேன். ஒன்றொன்றும் பொன்னிறமாக உப்பி மேலே வந்தது. வெளியே மொறுமொறு, உள்ளே பஞ்சு. அவள் அளந்து வைத்துவிட்டுப் போன உப்புக்கு மேல் கூட்டிக் கெடுக்கலாம் என்று உப்பு டப்பாவைத் தேடினேன். அதை எங்கே வைத்திருக்கிறாளோ, அகப்படவே இல்லை.

தலைவர் வடை சுடுகிறார் என்று தெருவே திரண்டு வந்தது. மாயகிருஷ்ணன் ஆட்டை யாரிடமோ விட்டுவிட்டுப் புதூரிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார். வெயிலுவும் எட்டயபுரம் பஸ்ஸில் வந்து இறங்கி, நேரே மாடிக்கு ஏறி, மெம்பர் வரிசையில் உட்கார்ந்து கையை நீட்டினாள். நான் பரிமாறினேன். இரண்டு வடை. சட்னி. டீ.

ஆளாளுக்குக் கண்ணை மூடித் தின்றார்கள். இசக்கிராஜா வடையை போட்டோ எடுத்தான்.

கோரத்துக்குக் குறைவில்லை. தலைவர் நாற்காலியைத் துணைத்தலைவர் ராதாமணியிடம் கொடுத்துவிட்டு, சபை நடுவில் வந்து நின்று வாசித்தேன். ‘சங்கத் தலைவர் தம் கையால் வடை சுட்டு வழங்க வேண்டும் என்று சென்ற ஆண்டுக்கூட்டத்தில் நிறைவேற்றப்பட்ட தீர்மானம், இன்று, இக்கூட்டம் முடியும் நேரம் முதல் முற்றிலும் ரத்து செய்யப்படுகிறது.’ யாராவது ஒரு சந்து கண்டுபிடிக்கட்டும் பார்க்கலாம்!

“வழிமொழியுதவங்க?” என்றாள் ராதாமணி.

ஒருவரும் வாய் திறக்கவில்லை. வாய் நிறைய வடை. வழிமொழிய ஆள் இல்லையென்றால் தீர்மானம் ஓட்டுக்கே போகாது. ஓட்டுக்குப் போய்த் தோற்றால் ஒரு வருசத்துக்கு அதை மறுபடி கொண்டுவர முடியாது என்பதும் நான் எழுதிய விதிதான், ஆனால் அது அப்போது ஞாபகம் வரவில்லை.

“நான் வழிமொழியுதேன்” என்றது ஒரு குரல்.

வெயிலு! என் கண் கலங்கிவிட்டது. என்ன இருந்தாலும் கட்டினவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய் அக்காவைப் பார்த்ததும் மனசு இளகிவிட்டதே என்று நெஞ்சு நெகிழ்ந்து போனேன்.

“அப்பம் ஓட்டுக்கு விடலாம்லா?” என்று ராதாமணியைக் கேட்டாள் வெயிலு.

“ஆதரிக்கவங்க கையத் தூக்குங்க.”

தூக்கினேன். சுற்றிப் பார்த்தேன். நான் மட்டும்தான்.

“எதிர்க்கவங்க?”

தூக்கிய கை ஒவ்வொன்றிலும் நான் சுட்ட வடை ஒன்று இருந்தது. வெயிலுவின் கையில் ரெண்டு.